வெளிநாட்டில் போலீஸ் லஞ்சத்துக்குக் கை நீட்டினால்: பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் வண்டி ஓட்டிப் பழகிய நமக்கெல்லாம் ஒரு வித்தை அத்துப்படி. சிக்னல் ஓரத்தில் போலீஸ் கை காட்டினால் வண்டியை ஒதுக்கி நிறுத்துவோம், ஹெல்மெட்டைக் கழற்றுவோம், "சார், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" (கொஞ்சம் அனுசரித்துப் போங்க) என்று ஒரு சிரிப்பு சிரிப்போம். இப்போது கேமரா வந்து, சலான் போனுக்கே வந்துவிடுகிறது. 2023 பிப்ரவரியில் நிலுவை அபராதங்களுக்குப் பாதித் தள்ளுபடி கொடுத்தபோது ஊரே முட்டி மோதிக்கொண்டு கட்டியது. ஆனாலும் அந்தச் சிரிப்பும் பர்ஸைத் தொடும் கையும் நம்மை விட்டுப் போகவில்லை.

வெளிநாட்டில் அந்தப் பழக்கம்தான் முதல் ஆபத்து. அல்சூர், ஃப்ரேசர் டவுன், முர்பி டவுன் பக்கத்து ஆட்களுக்கு டிக்கெட், விசா வேலை பார்த்துக் கொடுப்பவன் என்பதால், நடு ராத்திரியில் வெளிநாட்டிலிருந்து வரும் போன்கள் எனக்குப் புதிதல்ல. அந்த போன்களை வைத்து ஒன்று சொல்வேன். போலீஸ் கேட்டதால் வரும் சிக்கலைவிட, போலீஸ் கேட்பதற்கு முன்பே நாம் நீட்டியதால் வரும் சிக்கல் பெரியது. இந்த வழிகாட்டி முழுக்க அதைச் சுற்றித்தான் போகும்.

1. போகும் நாடு எந்த ரகம் என்று பாருங்கள்

நாடுகளை இதற்காக மூன்று ரகமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் ரகம், லஞ்சம் கொடுக்க முயன்றாலே உள்ளே போகும் நாடுகள். சிங்கப்பூரில் ஊழல் தடுப்புச் சட்டப்படி ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஐக்கிய அரபு அமீரகத்திலும் கொடுப்பவருக்குச் சிறை உண்டு. பலர் கவனிக்காமல் விடுவது ஜார்ஜியா. சமீப வருடங்களில் நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போகிறார்கள். "பழைய சோவியத் நாடுதானே, காசு கொடுத்தால் எல்லாம் நடக்கும்" என்று ஒரு நினைப்பு. 2003 புரட்சிக்குப் பிறகு வந்த அரசு, லஞ்சத்துக்குப் பேர் போன போக்குவரத்துப் போலீஸ் துறையையே மொத்தமாகக் கலைத்து, ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதிதாக ஆள் எடுத்தது. அதற்குப் பிறகு வந்த ரோந்துப் போலீஸிடம் நோட்டை நீட்டினால் கதை வேறு மாதிரி முடியும்.

இரண்டாவது ரகம், கேட்பதும் நடக்கும், கொடுத்தால் மாட்டுவதும் நடக்கும் நாடுகள். மலேசியா இதற்கு நல்ல உதாரணம். அங்கே 2009 ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே தண்டனை, இருபது ஆண்டு வரை சிறை. தாய்லாந்து, வியட்நாம், இலங்கை, இந்தோனேசியா எல்லாவற்றையும் நான் இந்த ரகத்தில்தான் வைப்பேன்.

மூன்றாவது, எல்லைச் சாவடியிலும் சாலைத் தடுப்பிலும் கேட்பது அன்றாடமாகிவிட்ட இடங்கள். கம்போடியாவின் தரைவழி எல்லைகள், ஆப்பிரிக்காவில் சில நாடுகள், மத்திய ஆசியாவில் சில ஊர்கள்.

ட்ரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு வருடாவருடம் வெளியிடும் ஊழல் உணர்வுக் குறியீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவது நல்லது. 100 மதிப்பெண் என்றால் சுத்தம். 2024-ல் சிங்கப்பூருக்கு 84, நமக்கு 38. அந்தப் பட்டியல் தெருமுனைப் போலீஸைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்லாது. ஆனால் நம்மைவிட மிகவும் மேலே இருக்கும் நாட்டுக்குப் போகும்போது, நம் ஊர் வித்தையை தேவனஹள்ளி ஏர்போர்ட்டிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதற்கு அது போதும்.

2. கிளம்பும் முன் காகிதங்களைச் சரி செய்யுங்கள்

கேட்கிற போலீஸுக்குப் பிடி கிடைப்பது பெரும்பாலும் நம் ஓட்டைகளில்தான். அந்த ஓட்டைகளை வீட்டிலிருந்தே அடைத்துவிடலாம்.

ஸ்கூட்டரோ காரோ வாடகைக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால் சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் கட்டாயம். அரசின் சாரதி இணையதளத்தில் விண்ணப்பித்து ஆர்.டி.ஓ.வில் வாங்கிக்கொள்ளலாம். கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். நம்மில் பாதிப் பேர் லைசென்ஸை ஓசூரிலோ வேலூரிலோ திருப்பத்தூரிலோ எடுத்துவிட்டு, குடியிருப்பது இங்கே. அப்படிப்பட்டவர்கள் முகவரி விஷயத்தை முன்கூட்டியே சரிசெய்துகொள்ளுங்கள். விசா வந்த வாரத்தில் ஆரம்பித்தால் நடக்காது. உங்கள் லைசென்ஸில் கியர் பைக் இருக்கிறதா, பெர்மிட்டில் இருசக்கரப் பிரிவில் முத்திரை விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கார் மட்டும் உள்ள பெர்மிட்டை வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டினால் போலீஸும் பிடிப்பார், விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கையை விரிக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, வாடகைக் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். நம் பெர்மிட் 1949 ஜெனிவா உடன்படிக்கையின்படி கொடுக்கப்படுவது. வியட்நாம் சேர்ந்திருப்பது 1968 வியன்னா உடன்படிக்கையில். அதனால் அங்கே நம் பெர்மிட்டைச் செல்லாது என்று சொல்ல இடம் இருக்கிறது. ஹா ஜியாங் மலைப்பாதையில் பைக் ஓட்டப் போகிறவர்கள், உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போவதே மேல் என்பது என் கருத்து. இலங்கையிலும் பெர்மிட் மட்டும் போதாது. அங்குள்ள சிலோன் ஆட்டோமொபைல் சங்கத்தின் அங்கீகாரம் வாங்க வேண்டும், அல்லது தற்காலிக லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஆட்டோவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு எல்ல என்ற மலை ஊரைச் சுற்றும் நம் பையன்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

அப்புறம் இ-சிகரெட். இந்தியாவில் 2019-லேயே தடை. தாய்லாந்தில் 2014 முதல் இறக்குமதிக்கும் 2015 முதல் விற்பனைக்கும் தடை. சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம். 2023 ஜனவரியில் பாங்காக்கில் ஒரு சோதனைச் சாவடியில் தைவான் நடிகை ஒருவரிடம் போலீஸார் 27,000 பாட் வாங்கிய விவகாரம் பெரிதாக வெடித்தது. நம் பணத்தில் அறுபதாயிரத்துக்கு மேல். பிடியாக இருந்தது இ-சிகரெட்தான். பையில் அது இருந்தால் எந்தச் சாமர்த்தியமும் செல்லாது. வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

மீதிக் காரியங்கள் சின்னவை. பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசா, நுழைவு முத்திரை ஆகியவற்றின் கலர் ஜெராக்ஸ் இரண்டு செட். ஜப்பான் போன்ற நாடுகளில் அசல் பாஸ்போர்ட்டையே கூட வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் அசலை உள்பையில் வையுங்கள், முதலில் காட்டுவதற்கு ஜெராக்ஸ். மேலே எடுக்கும் பர்ஸில் அன்றைய சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் பணம், மீதி வேறு இடத்தில். போகும் ஊருக்கான இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணை போனிலும் ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதி வையுங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கென்யா மாதிரி காமன்வெல்த் நாடுகளில் அதற்குப் பெயர் ஹை கமிஷன், அந்தப் பெயரில் தேடினால்தான் கிடைக்கும்.

3. கேட்பது அபராதமா, லஞ்சமா?

ரோட்டில் நின்று பணம் கேட்டாலே லஞ்சம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஐரோப்பாவில் பல நாடுகளில், வெளிநாட்டுக்காரர் ஊரை விட்டுப் போய்விடுவார் என்பதால் அபராதத்தை அந்த இடத்திலேயே வசூலிக்கச் சட்டமே இருக்கிறது. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் போலீஸ் கார்டு மெஷினை நீட்டினால் அது முறையான வசூல். ஸ்பெயினில் 20 நாளுக்குள் கட்டினால் பாதித் தள்ளுபடி. அங்கே போய் "லஞ்சம் கேக்குறீங்களா" என்று வீராப்புப் பேசினால் நமக்குத்தான் தலைகுனிவு.

மாறாக இலங்கையில் போக்குவரத்துப் போலீஸ் ஸ்பாட் ஃபைன் சீட்டு எழுதிக் கொடுப்பார், அதைத் தபால் நிலையத்தில் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். அவர் கையில் பணம் கொடுப்பது முறையல்ல. இந்தோனேசியாவில் திலாங் என்ற சீட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டால் வங்கி வழியாகக் கட்டலாம், இல்லையென்றால் நீதிமன்றம். மலேசியாவில் சம்மனை கவுண்டரிலோ ஆன்லைனிலோ கட்டுவதுதான் வழி.

அடையாளம் காண்பது கஷ்டமில்லை. முறையான அபராதத்தில் அச்சிட்ட தாள் இருக்கும், குற்றத்தின் பெயரும் தொகையும் எழுதியிருக்கும், தொகை பேரம் பேசினால் குறையாது. தொகை குறைய ஆரம்பித்த நிமிடமே அது அபராதம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "எவ்வளவு வைத்திருக்கிறாய்?" என்று கேட்பது, டிக்கியைத் திறக்கச் சொல்லி அதற்குள் பணத்தை வைக்கச் சொல்வது, சக போலீஸ்காரர் பார்க்காத பக்கமாகக் கூட்டிப் போவது, விமானத்துக்கு நேரமாகிவிடும் என்று நமக்கே ஞாபகப்படுத்துவது, இதெல்லாம் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான்.

4. நிறுத்தப்பட்ட அந்த அரை மணி நேரம்

இதை ஒரு சம்பவத்தோடு சொன்னால்தான் விளங்கும். என் சித்தி மகன் நண்பர்களோடு பாலி போயிருந்தான். ஒரு ராத்திரி போன்.

"அண்ணா, போலீஸ் பிடிச்சுட்டாங்க. பத்து லட்சம் கேக்குறான்."

"என்னடா சொல்ற, பத்து லட்சமா?"

"ரூபாய் இல்லண்ணா, ருப்பியா."

பத்து லட்சம் ருப்பியா என்றால் நம் பணத்தில் ஐயாயிரத்துச் சொச்சம். எனக்கு மூச்சு வந்தது. விஷயம் இதுதான். பின்னால் உட்கார்ந்த நண்பன் தலையில் ஹெல்மெட் இல்லை. இவனிடம் பெர்மிட் இருந்தது, வண்டியின் பதிவுச் சீட்டும் சீட்டுக்கு அடியில் இருந்தது. ஹெல்மெட் இல்லாமல் போனால் இந்தோனேசியாவின் 2009 போக்குவரத்துச் சட்டத்தில் அதிகபட்ச அபராதம் இரண்டரை லட்சம் ருப்பியா, பின்னால் இருப்பவர் தலையில் ஹெல்மெட் இல்லையென்றாலும் ஓட்டுபவருக்கு அதே தொகைதான். ஆக, கேட்டது சட்டம் சொல்வதைப் போல நான்கு மடங்கு.

அவனிடம் நான் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

வண்டியை அணைத்துவிட்டுச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் முதலில் பறிபோவது சாவிதான், சாவி போனால் பேரமும் போச்சு. ஹெல்மெட்டையும் கூலிங் கிளாஸையும் கழற்றி முகம் தெரியப் பேசுங்கள். கோபம் வேண்டாம், குழைவும் வேண்டாம். லைசென்ஸ் கேட்டால் சர்வதேச பெர்மிட்டை முதலில் கொடுங்கள், அசல் லைசென்ஸைக் கேட்டால் மட்டும் காட்டுங்கள். பெர்மிட் தொலைந்தால் இன்னொரு ஆயிரம் ரூபாயும் ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு நடையும். லைசென்ஸ் போனால் அலைச்சல் தனி. பாஸ்போர்ட்டுக்கு ஜெராக்ஸ்.

தப்பு செய்திருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். "ஸாரி சார், மை மிஸ்டேக்" என்பது பாதிச் சூட்டைத் தணித்துவிடும். தொடர்ந்து ஒரே ஒரு வாக்கியம்: "ப்ளீஸ் கிவ் மீ த டிக்கெட், ஐ வில் பே அட் த ஆபீஸ்." அவர் எதைச் சொன்னாலும் இதையே திரும்பத் திரும்ப, அதே குரலில். ஆபீஸ் மூடியிருக்கிறது என்றால், "நாளைக் காலையில் கட்டுகிறேன்". கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்றால், "பரவாயில்லை, சீட்டு கொடுங்கள்". நம் கையில் நேரம் இருக்கிறது என்று அவருக்குப் புரிய வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னால் உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். அவருக்கு அடுத்த வண்டி வந்துகொண்டிருக்கிறது, உங்களுக்காகச் செலவழிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு நஷ்டம்.

தம்பி அப்படியே செய்தான். பத்து ஐந்தாகி, ஐந்து இரண்டானது. இரண்டு லட்சம் என்றபோது இவன் சபலப்பட்டான். "அண்ணா, சட்ட அபராதத்தைவிடக் கம்மிதானே, குடுத்துட்டு வரவா?" நான் வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு ஆஸ்திரேலியர்கள் சட்டைகூட இல்லாமல் ஸ்கூட்டரில் வந்தார்கள். போலீஸ்காரர் பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஹெல்மெட், ஹெல்மெட்" என்று தலையைத் தட்டிக் காட்டிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். எல்லா நேரமும் இப்படி விட்டுவிட மாட்டார்கள். சில சமயம் நிஜமாகவே சீட்டு எழுதிவிடுவார்கள். எழுதட்டும், கட்டிவிடுங்கள், குற்றம் செய்தது நாம்தானே.

அந்தச் சபலத்துக்கு ஏன் இடம் கொடுக்கக் கூடாது? நோட்டை நீட்டும் நொடியில் ஹெல்மெட் போடாத பயணி என்பதிலிருந்து அரசு ஊழியருக்கு லஞ்சம் கொடுத்தவர் என்று ஆகிவிடுகிறீர்கள். முதலாவதுக்கு அபராதம், இரண்டாவதுக்குச் சிறை. அந்தப் பிடி கிடைத்த பிறகு அவர் கேட்கும் தொகை வேறு. 2013-ல் இதே பாலியில் ஒரு டச்சுப் பத்திரிகையாளர் ஹெல்மெட் இல்லாமல் போய், போலீஸ்காரரிடம் 2 லட்சம் ருப்பியா கொடுத்ததை ரகசியக் கேமராவில் படமெடுத்தார். அந்தப் பணத்தில் போலீஸ்காரர் பீர் வாங்கி அவருக்கே ஊற்றிக் கொடுத்தார். வீடியோ உலகமெங்கும் பரவியது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நீங்களும் கேமராவோடு கிளம்பிவிடாதீர்கள். முகத்துக்கு நேரே போனைத் தூக்கினால் பேச்சு முடிந்து தகராறு ஆரம்பமாகிவிடும், அமீரகம் மாதிரி நாடுகளில் அனுமதியில்லாமல் அடுத்தவரைப் படமெடுப்பதே குற்றம். பேட்ஜ் எண், வண்டி எண், இடம், நேரம் ஆகியவற்றை மனதில் வாங்கிக்கொண்டு, நகர்ந்ததும் எழுதி வைத்துவிடுங்கள். அது போதும்.

இன்னொன்று. குழுவாகப் போனால் ஒருவர் மட்டும் பேசுங்கள். மற்றவர்கள் பக்கத்தில் நின்று தமிழில் போலீஸ்காரரை வறுத்தெடுப்பது நம் வழக்கம். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் எதிரில் நிற்பவருக்கு உங்களைவிட நன்றாகத் தமிழ் தெரிந்திருக்கலாம்.

5. போலீஸே இல்லாத போலீஸ்

ப்ராகில் கறுப்புச் சந்தையில் பணம் மாற்றக் கேட்டு ஒருவன் வருவான், பின்னாலேயே "போலீஸ்" என்று இரண்டு பேர் வந்து பர்ஸைக் காட்டச் சொல்வார்கள். இஸ்தான்புல், பார்சிலோனா, கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கின் ஓஷ் பஜார் என்று இந்த நாடகம் பல ஊர்களில் ஓடுகிறது. கள்ள நோட்டுச் சோதனை என்று சொல்லித் தெருவில் பர்ஸை வாங்கி எண்ணுவது நிஜப் போலீஸின் வேலையல்ல. மஃப்டியில் வந்தால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், பக்கத்து ஹோட்டல் வரவேற்பறைக்கோ ஸ்டேஷனுக்கோ போய்ப் பேசலாம் என்று சொல்லி நடக்க ஆரம்பியுங்கள். வெளிச்சமும் ஆட்களும் உள்ள பக்கமாக நடங்கள். அவர்கள் காரில் மட்டும் ஏறக் கூடாது.

6. எல்லைச் சாவடியில்

பாங்காக்கிலிருந்து பஸ்ஸில் கம்போடியா போகிறவர்கள் பொய்பெட் வழியாகப் போவது வழக்கம். எல்லை திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், இரு நாட்டுக்கும் தகராறு வந்தால் மூடிவிடுவார்கள். அங்கே சுற்றுலா விசா 30 டாலர் என்று எழுதியிருக்கும், கவுண்டரில் மேலே நூறு பாட் கேட்பார்கள். அதற்கும் முன்பே, வேன்காரர் எல்லைக்குக் கொஞ்சம் தூரத்தில் ஒரு "தூதரக" அலுவலகத்தில் இறக்கி இரட்டிப்பாக வசூலிக்கப் பார்ப்பார். முடிந்தவரை இ-விசா எடுத்துக்கொண்டு போங்கள், பணம் கைமாறும் கவுண்டரே இல்லாமல் போய்விடும். இ-விசா இல்லையென்றால் சரியான சில்லறையாக 30 டாலர் வைத்திருங்கள், ஐம்பது டாலர் நோட்டு கொடுத்தால் மீதி வருவது அவர் மனம் வைத்தால்தான். பாஸ்போர்ட்டுக்குள் நோட்டை மடித்து வைத்துக் கொடுக்கும் யோசனையை எந்த ஏஜென்ட் சொன்னாலும் கேட்காதீர்கள்.

7. கொடுத்துவிட்டு வர வேண்டிய நேரமும் உண்டு

இவ்வளவு சொன்னவன் இதையும் சொல்லியாக வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத சாலை, ராத்திரி நேரம், எதிரில் துப்பாக்கி, குடித்த வாடை, கூடக் குழந்தைகள். இதில் இரண்டு சேர்ந்தாலே கொள்கையைப் பேசும் இடம் அது இல்லை. மேல் பர்ஸில் இருப்பதைக் கொடுத்துவிட்டு நகருங்கள். அப்போதும் முதலில் எடுத்து நீட்டாதீர்கள், அவர் வாய்விட்டுக் கேட்கட்டும். மிரட்டலுக்குப் பயந்து கொடுப்பதும் காரியம் சாதிக்கக் கொடுப்பதும் ஒன்றல்ல. நம் ஊர்ச் சட்டமே, 2018 திருத்தத்துக்குப் பிறகு, கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் அவரைக் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. வெளிநாட்டில் அந்த ஏழு நாள் கணக்கு செல்லாது, ஆனால் சீக்கிரம் தூதரகத்திடமாவது எழுத்தில் சொல்லி வைப்பது எங்கேயும் நல்லது.

தனியாகப் போகும் பெண்களுக்குத் தனியாக ஒன்று. ஆளில்லாத ஸ்டேஷன் அறைக்கோ வண்டிக்கோ கூப்பிட்டால் மறுத்து, ஹோட்டலுக்கு போன் போட்டு அங்கிருந்து ஆளை வரச் சொல்லுங்கள். லைவ் லொக்கேஷனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியிருக்கிறேன் என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

8. ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனால்

ஸ்டேஷன் என்றதும் பயப்படத் தேவையில்லை. சின்னக் குற்றத்துக்கு ஸ்டேஷன் போவது பெரும்பாலும் நமக்குச் சாதகம், அங்கே ரெஜிஸ்டர் இருக்கும், மேலதிகாரி இருப்பார். ஆனால் கைது, போதைப்பொருள், விபத்தில் காயம் என்று பேச்சு வந்தால் அது பணத்தில் முடிக்கும் விஷயமே அல்ல. யாராவது "இவ்வளவு கொடுத்தால் முடித்துவிடலாம்" என்றாலும் இறங்காதீர்கள்.

அங்கே சொல்ல வேண்டியது: "ஐ வான்ட் டு கான்டாக்ட் த இந்தியன் எம்பஸி." 1963 வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவுப்படி, கைதான வெளிநாட்டவர் கேட்டால் அவருடைய தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் சொல்ல வேண்டும், இந்த உரிமை இருப்பதை அவரிடமும் சொல்ல வேண்டும். பாகிஸ்தானில் கைதான இந்தியர் குல்பூஷன் ஜாதவ் வழக்கில் 2019 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், பாகிஸ்தான் இந்தப் பிரிவை மீறியது என்று சொன்னது நினைவிருக்கும். அவ்வளவு பெரிய வழக்குக்கு உள்ள அதே உரிமைதான் பட்டாயாவில் மாட்டிய உங்களுக்கும். புரியாத மொழியில் எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். இலங்கையில் தமிழும் ஆட்சிமொழி, அங்கே வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதச் சொல்லிக் கேட்கலாம்.

தூதரகம் என்ன செய்யும் என்பதில் நம் ஆட்களுக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை உண்டு. வந்து பார்ப்பார்கள், வக்கீல் பட்டியல் கொடுப்பார்கள், வீட்டுக்குத் தகவல் சொல்வார்கள். வசதியில்லாதவர்களுக்கு, தகுதியைப் பார்த்து, இந்தியச் சமூக நல நிதியிலிருந்து சட்டச் செலவுக்கு உதவ முடியும், அந்த நிதி 2009 முதல் இருக்கிறது. ஆனால் உங்களை வெளியே எடுத்துவிட மாட்டார்கள், கோர்ட்டில் வாதாட மாட்டார்கள். இங்கே பெங்களூரில் இருக்கும் குடும்பத்தார் செய்யக்கூடியது, வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்வது. 2015-ல் தொடங்கிய தளம் அது. பதிவு எண் கிடைக்கும், அதை வைத்துத் தொடர்ந்து கேட்கலாம். எம்.எல்.ஏ., கவுன்சிலர் என்று வீடுவீடாக அலைவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

9. புகார் எங்கே, எப்போது

தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் எண் 1155, ஆங்கிலத்தில் பேசலாம். இலங்கையில் சுற்றுலாப் போலீஸ் 1912, லஞ்ச ஊழல் ஆணைக்குழு 1954. மலேசியாவில் ஊழல் தடுப்பு ஆணையம், 1-800-88-6000. இந்தோனேசியப் போலீஸுக்குள்ளேயே ப்ரோபாம் என்று ஒரு உள் விசாரணைப் பிரிவு உண்டு.

சில சமயம் 1155-க்கு போன் போடப் போகிறேன் என்று பணிவாகச் சொன்னாலே விஷயம் முடிந்துவிடும். மிரட்டலாகச் சொல்லாதீர்கள், "அவர்களிடம் எங்கே பணம் கட்டுவது என்று கேட்டுக்கொள்கிறேன் சார்" என்று சொல்லுங்கள். கௌரவத்தோடு பின்வாங்க அவருக்கு ஒரு வழி வேண்டும்.

ஃபேஸ்புக்கில் கொட்டித் தீர்ப்பதை ஊர் திரும்பும்வரை தள்ளிப் போடுங்கள். தாய்லாந்தில் அவதூறு கிரிமினல் குற்றம், அமீரகத்தில் இணையப் பதிவுக்கே தனிச் சட்டம். மேலே சொன்ன தைவான் நடிகையும் ஊர் திரும்பிய பிறகுதான் விஷயத்தை வெளியே சொன்னார். முதலில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுத்த போலீஸ், பிறகு பணம் வாங்கியதை ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. இடமும் நேரமும் துல்லியமாக இருந்தால் புகாருக்குப் பலன் உண்டு.

10. ஆபீஸ் வேலையாகப் போனவர்களுக்கு

பெங்களூரிலிருந்து போகிறவர்களில் பாதிப் பேர் கம்பெனி செலவில் போகிறவர்கள். உங்கள் கம்பெனியோ அதன் வாடிக்கையாளரோ அமெரிக்கா, பிரிட்டன் சம்பந்தப்பட்டது என்றால், 1977 அமெரிக்க வெளிநாட்டு ஊழல் சட்டமும் 2010 பிரிட்டன் லஞ்சச் சட்டமும் உங்கள் தலைமேல் இருக்கக்கூடும். வேலையைச் சீக்கிரம் முடிக்கக் கொடுக்கும் சின்னத் தொகைக்குக்கூட பிரிட்டன் சட்டத்தில் விலக்கு இல்லை. உயிருக்குப் பயந்து கொடுத்தால் பெரும்பாலான கம்பெனிகளின் விதிகள் உங்களைக் குற்றம் சொல்லாது, ஆனால் உடனே தெரிவிக்கச் சொல்லும். அன்றைக்கே மேனேஜருக்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவுக்கும் மெயில் போடுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு, என்ன சொல்லி மிரட்டினார், கூட யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். செலவுக் கணக்கில் அந்தத் தொகையை டாக்ஸி என்றோ இதர செலவு என்றோ போடாதீர்கள். அமெரிக்கப் பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி என்றால் கணக்கைத் திரித்து எழுதுவதே அந்த அமெரிக்கச் சட்டத்தில் தனிக் குற்றம், தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.